மூக்கு அறிந்ததும் கருவி பதிந்ததும்

மாட்டுங்கா லேபர் கேம்ப்பின் காற்றைப் பற்றிய வரலாறு நெடுங்காலம் மூக்கின் வரலாறாகவே இருந்தது. தாராவியின் தோல் பதனிடும் கூடங்களுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்களுக்கும், அவர்களை ஒட்டிக் குடியேறியோருக்கும், எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்பதை நாற்றமே சொல்லிவிடும். கும்பார்வாடாச் சூளைகளில் பஞ்சுக் கழிவு எரிவதை அறியவும் கருவி தேவைப்படவில்லை. ஆயினும் நாற்றமும் இருமலும் கோப்பில் ஏறுவதில்லை. 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்திற்குப் பின் அளவீடே சான்று; அளவீடோ நிலையம் நிற்கும் இடத்திற்கே உரியது. முழுமையான நிலையம் ஒன்றை நிறுவக் கோடி ரூபாய் அளவில் செலவாகும் என்பதால் அவை சிலவே. லேபர் கேம்ப்பின் காற்று சயான், பாந்த்ரா-குர்லா வளாகம் போன்ற நிலையங்களின் எண்களைக் கொண்டே ஊகிக்கப்பட்டது.

இவ்விடைவெளியை நிரப்ப முன்வந்தவை மலிவு விலை உணரிகள். 2020 நவம்பர் முதல் 2021 மே வரை மகாராஷ்டிர மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் கான்பூர் ஐ.ஐ.டி.யும் மும்பைப் பெருநகர்ப் பகுதியில் அவற்றைச் சோதித்தன. நான்கு இந்தியத் தொழில்முனைவு நிறுவனங்களின் 40 உணரிகள், 15 அரசு நிலையங்களின் அருகிலேயே பொருத்தப்பட்டன. அருகில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இவ்வுணரி நுண்துகளை எடைபோடுவதில்லை; துகளின்மேல் ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, சிதறும் ஒளியிலிருந்து நிறையைக் கணிக்கிறது. ஈரக்காற்றில் துகள் நீரை உறிஞ்சிப் பருக்கும். ஒளி மிகுதியாகச் சிதறும். எண் பொய்யாக உயரும். கடலோர நகரில் இது சிறு பிழையன்று. ஆகவே தரக்கருவியோடு ஒப்பிட்டுத் திருத்தக் கணக்கு வகுத்த பின்னரே, கம்பியில்லா வலையமைப்பின் வழி வரும் எண்ணை நம்ப இயலும். திருத்திய பின் PM2.5 அளவீடுகள் ஏற்கத்தக்கனவாக அமைந்தன என்பது அச்சோதனையின் மெய்யான சாதனை.

ஆனால் சோதனைக்காலத்தைக் கவனிக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலம், அதாவது ஈரம் உச்சத்திலிருக்கும் மாதங்கள், அதற்கு வெளியே நிற்கின்றன. (மழை துகளைக் கழுவிவிடுவதால் அப்போது மாசு குறைவுதான், உணரியின் பிழை குறைவதில்லை.) இன்னொன்றும் உண்டு. நெடுஞ்சாலையோரத் துகளுக்கு வகுத்த திருத்தம் சூளைப்புகைக்குப் பொருந்தாது. துகளின் பருமனும் நிறமும் மாறினால் ஒளிச்சிதறலும் மாறும். சயானில் சரிபார்த்த உணரியைச் சந்துக்குள் மாட்டுவதால் மட்டும் சந்தின் காற்று பதிவாகிவிடாது. தரக்கருவி ஒன்றும் சில மாதங்களேனும், மழைக்காலம் உட்பட, அந்தச் சந்துக்குள் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.