புருனெல்லோவின் ஆண்டுகள்

ஒரு நூலின் பதிப்பாண்டை நாம் வெறும் தகவலாகப் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். ஒயின் புட்டியின் முகப்புச்சீட்டில் அச்சிடப்படும் ஆண்டுக்கு அதைவிடக் கனம் அதிகம். இன்ன ஆண்டின் வெயிலிலும் மழையிலும் விளைந்த இன்ன திராட்சையின் சாறு இது என்று தயாரித்தவர் முன்பின் அறியாத ஒருவருக்குக் கொடுக்கும் வாக்கு அது. கண்ணாடிக்கும் தக்கைக்கும் உள்ளே இருப்பது அதுதானா என்று வாங்குபவர் சோதித்தறிய வழியில்லை. தமிழில் தெளிந்த மதுவுக்குத் 'தேறல்' என்று பெயர். 'தேறு' என்ற அதன் வேருக்குத் தெளிதல், நம்புதல் என்ற இரு பொருளும் உண்டு. இத்தாலியின் தொஸ்கானாப் பகுதியில், சியேனாவுக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் குன்றின்மேல் அமர்ந்திருக்கும் மொந்தல்சீனோ என்ற சிற்றூரின் செந்நிற ஒயினுடைய வரலாற்றைப் படிக்கையில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

மொந்தல்சீனோ பிடிவாதத்துக்குப் பெயர்போன ஊர். 1555இல் சியேனா வீழ்ந்தபின் அதன் குடியரசு ஆதரவாளர்கள் இங்கே அடைக்கலம் புகுந்து, 1559 வரை தங்கள் குடியரசைப் பெயரளவிலேனும் உயிருடன் வைத்திருந்தார்கள். இந்த ஊரைச் சேர்ந்த மருந்தியலாளர் கிளெமெந்தே சாந்தி, 1865ஆம் ஆண்டு விளைச்சலில் செய்த 'புருனெல்லோ'வுக்கு 1869இல் உள்ளூர் வேளாண் கண்காட்சியில் பரிசு பெற்றார். அவருடைய மகள்வழிப் பேரன் ஃபெருச்சோ பியோந்தி சாந்தி. கரிபால்டியின் படையில் போரிட்டுத் திரும்பியவர். தந்தைவழிப் பெயரையும் தாய்வழிப் பெயரையும் இணைத்துக்கொண்டவர். அக்காலத் தொஸ்கானாவில் பல திராட்சைகளைக் கலந்து, இளமையிலேயே குடித்துத் தீர்க்கும் ஒயின்தான் வழக்கம். வேர்களைத் தாக்கும் ஃபில்லாக்செரா பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்துவந்த அந்நாளில், ஃபெருச்சோ தன் கிரெப்போ தோட்டத்தில் சாஞ்சொவேசே திராட்சையின் ஒரு வகையைத் தேர்ந்து நட்டார். அதை மட்டுமே கொண்டு ஒயின் செய்து, பெரிய ஓக் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் கிடத்தினார். 1888ஆம் ஆண்டின் ஒயின்தான் இன்று நாம் அறிந்த புருனெல்லோவின் முதல் புட்டி எனப்படுகிறது. தந்தை நட்டதன் முழுச்சுவையைப் பேரன்தான் அறிய முடியும் என்ற நிலையில் ஒருவர் வணிகத்தில் இறங்குவதை விவேகம் என்பதா, பித்து என்பதா?

இளம் சாஞ்சொவேசே எளிதில் நட்புக்கொள்ளாத ஒயின். புளிப்பு தூக்கலாக இருக்கும்; டானினின் துவர்ப்பு, பச்சைப் பாக்கை மென்றாற்போல் ஈறுகளைப் பிடிக்கும். நிறமும் பிறர் எதிர்பார்க்கும் கருஞ்சிவப்பன்று. ஒளி ஊடுருவும் மாணிக்கச் சிவப்பு. இந்தப் புளிப்பும் துவர்ப்புந்தான் அதன் ஆயுளுக்குக் காப்பு. பத்து, இருபது ஆண்டுகளில் துவர்ப்பு உருண்டு மென்மையாகிறது. செர்ரிப் பழத்தின் மணம் பின்வாங்க, உலர்ந்த ஆரஞ்சுத் தோல், புகையிலை, பதப்படுத்திய தோல், மழை நனைத்த சருகு என்று வேறு மணங்கள் எழுகின்றன. விளிம்பில் செங்கல் நிறம் படர்கிறது. புளிப்பு மட்டும் கடைசிவரை நின்று, முதிய ஒயினுக்கு முதுகெலும்பாகிறது. ஒரே தோட்டத்தின் பல ஆண்டுகளை வரிசையாக வைத்துச் சுவைக்கும் மரபு இதனால்தான் இங்கே பொருள் பெறுகிறது. கோப்பைக்குக் கோப்பை மாறுபவை இரண்டு: புட்டிக்குள் கழிந்த காலம், அறுவடைக்கு முன் கழிந்த பருவம். இவ்விரண்டையும் பிரித்தறிவதே சுவைஞருக்கு விடப்படும் சவால். 2002இன் குளிரும் மழையும், 2003இன் கொடும் வெக்கையும் அடுத்தடுத்த ஆண்டுகள். ஆனால் அருகருகே வைத்தால் ஒருதாய்ப் பிள்ளைகள் என்று சொல்ல முடியாது. 2010இல் பழம் நிதானமாகக் கனிந்தது. 2017இல் வறட்சியில் தவித்தது. இத்தகைய வேறுபாட்டை ஊரே கொண்டாடுகிறது. 1992 முதல் ஒவ்வோர் ஆண்டு விளைச்சலுக்கும் தனியே வடிவமைத்த ஓடு நகரமன்றச் சுவரில் பதிக்கப்படுகிறது. அந்த ஓட்டில் ஆண்டின் தரத்தைக் குறிக்கும் நட்சத்திரங்களும் நெடுங்காலம் இடம்பெற்றன. அறுவடை முடிந்த சில மாதங்களில் இந்த நட்சத்திரங்களை வழங்கிவிட்ட அவசரம் எனக்குச் சற்று வேடிக்கையாகவே தோன்றுகிறது, முப்பது ஆண்டு வாழப்போகும் ஒன்றுக்குத் தொட்டிலிலேயே ஜாதகம் கணிப்பதைப்போல.

பியோந்தி சாந்தி குடும்பத்தார் இந்த அவசரத்துக்கு நேரெதிர். 1888, 1891, 1925, 1945 என முதல் 57 ஆண்டுகளில் அவர்கள் சிறந்தவை என அறிவித்து வெளியிட்டவை நான்கே. 1944இல் போர்முனை மொந்தல்சீனோவை நெருங்கியபோது, ஃபெருச்சோவின் மகன் தாங்க்ரேதி பழைய புட்டிகளை நிலவறையில் அடுக்கி முன்னால் சுவரெழுப்பி மறைத்தார். ஆனால் படைகளைவிடப் பொறுமையான எதிரி தக்கை. அதன் வழியே பத்தாண்டுகளில் சிறிதுசிறிதாக ஒயின் குறைய, அந்த இடத்தைக் காற்று பிடிக்கிறது. இதற்கு 1927இலேயே தாங்க்ரேதி கண்ட வழி, புட்டிகளைத் திறந்து, குறைந்ததை நிரப்பிப் புதுத் தக்கை இடுவது. எதைக்கொண்டு நிரப்புவது? அதே ஆண்டின் இன்னொரு புட்டியைக்கொண்டு. மற்றவை பிழைக்க ஒன்று அழிய வேண்டும். புதிய ஒயினில் சில துளிகள் ஊற்றியிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. ஆயினும் சீட்டிலுள்ள எண் பொய்யாகியிருக்கும். 1970இல், தாங்க்ரேதி மறைந்த ஆண்டில், நாவலாசிரியரும் திரைப்பட இயக்குநருமான மாரியோ சொல்தாத்தியும் உணவு, மது எழுத்தாளர் லுயீஜி வெரொனெல்லியும் சாட்சிகளாக இருக்க இந்தச் சடங்கு மீண்டும் நடந்தது. 1994இல் அவர் மகன் ஃபிராங்கோ 1888 முதல் 1988 வரையிலான ஒரு நூற்றாண்டின் ஒயின்களை விருந்தினர்முன் வைத்தபோது, நிக்கலஸ் பெல்ஃப்ரேஜ் என்ற ஒயின் எழுத்தாளர் 1891க்குப் பத்துக்குப் பத்து கொடுத்தார். அப்போது அந்த ஒயினுக்கு வயது 103.

புகழ் வந்ததும் நிலத்தின் விலையும் வந்தது. 1966இல் புருனெல்லோ சட்டப் பாதுகாப்பு பெற்றது. 1980இல் இத்தாலியின் மிக உயர்ந்த தரவரிசையில் இடம்பெற்றது. நூறு ஹெக்டேரை எட்டாதிருந்த தோட்டங்கள் இரண்டாயிரத்தைத் தாண்டின. சாஞ்சொவேசே நன்கு விளையாத சரிவுகளும் நடப்பட்டன. அமெரிக்கச் சந்தையோ அடர்ந்த நிறத்தையும் உடனே குடிக்கத்தக்க மென்மையையும் விரும்பியது. சட்டம் நூறு விழுக்காடு சாஞ்சொவேசே என்கிறது. சிறிது மெர்லோ சேர்த்தால் நிறமும் கூடும், மென்மையும் கூடும். 2008இல் கலப்பட ஐயத்தின்பேரில் சியேனாவின் அரசு வழக்கறிஞர்கள் விசாரணையில் இறங்கினார்கள். லட்சக்கணக்கான லிட்டர்கள் முடக்கப்பட்டன. சோதனைச் சான்று இல்லாத புருனெல்லோவை அனுமதிக்க அமெரிக்கா மறுத்தது. சாஞ்சொவேசேயில் அநேகமாக இல்லாத சில நிறமிகள் மெர்லோவில் உண்டு என்பதால், எந்த நிறத்துக்காகக் கலந்தார்களோ அந்த நிறமே காட்டிக்கொடுக்கும் நிலை. விதியைத் தளர்த்திவிடலாம் என்றும் சிலர் வாதிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் தயாரிப்பாளர்கள் பெரும்பான்மை வாக்கில் நூறு விழுக்காட்டை மாற்ற மறுத்தார்கள். அச்சத்தாலா, மானத்தாலா என்பது வேறு விவாதம். என்னைக் கேட்டால் இரண்டாலுந்தான்.

இந்த வரலாற்றின் கசப்பான இரவு 2012 டிசம்பரில் வந்தது. மிலானில் காப்பீட்டுத் தரகராக இருந்து, 1972இல் கசே பஸ்ஸே நிலத்தை வாங்கிப் புருனெல்லோவின் மிகக் கறாரான படைப்பாளிகளில் ஒருவரான ஜான்ஃபிராங்கோ சொல்தேராவின் நிலவறைக்குள் புகுந்த ஒருவர், பீப்பாய்களின் குழாய்களைத் திறந்துவிட்டார். எதையும் திருடவில்லை. 62,600 லிட்டர், 2007 முதல் 2012 வரையிலான ஆறு ஆண்டுகளின் ஒயினில் பெரும்பகுதி, சாக்கடையில் ஓடியது. முன்னாள் பணியாளர் ஒருவர் குற்றவாளி எனப் பின்னர் தீர்ப்பாயிற்று. தயாரிப்பாளர் கூட்டமைப்பு, உறுப்பினர்கள் ஆளுக்குக் கொஞ்சம் ஒயின் தந்து அவருக்கு உதவலாம் என முன்வந்தது. சொல்தேரா அதை அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டார். தான் செய்யாத ஒயினைத் தன் பெயரில் விற்பது குடிப்பவரை ஏமாற்றுவது என்றார். கூட்டமைப்பிலிருந்தும் வெளியேறினார். பீப்பாய்களில் இல்லாததால் தப்பிய 2006ஆம் ஆண்டின் ஒயினைப் புருனெல்லோ என்ற புகழ்பெற்ற பெயர் இன்றியே வெளியிட்டார். சீட்டில் சாஞ்சொவேசே என்று திராட்சையின் பெயர் இருந்தது, ஆண்டு இருந்தது.