வாய்ச்சொல்லும் பிணையும்

ஒருவன் பட்ட கடனுக்கு மற்றொருவன் பொறுப்பேற்பது உலகெங்கும் உள்ள பழைய வழக்கம். ஆயினும் அப்பொறுப்பு இரு வகைப்படும். “அவன் கொடாவிடின் நான் கொடுப்பேன்” என்பது பிணை. “அவன் கடன்பட்டானோ இல்லையோ, உமக்கு நட்டம் நேராமல் நான் காப்பேன்” என்பது இழப்பெதிரீடு. முன்னது இன்னொருவனுடைய கடனைச் சார்ந்து நிற்பது. பின்னது தன் காலிலேயே நிற்பது. ஆங்கிலச் சட்டத்தில் இவ்விரண்டுக்கும் இடையே கோடு வரையப்பட்ட வரலாறு சுவையானது.

17ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் வழக்காடுவோர் தம் வழக்கில் தாமே சாட்சி கூற இயலாது. ஆகவே வாய்மொழி வாக்குகளைப் பற்றிய பிணக்குகள் பிறருடைய சாட்சியத்தையே நம்பி நின்றன. பொய்ச்சாட்சிக்கு இது வாயிலாயிற்று. இதனைத் தடுக்கும் பொருட்டு, இரண்டாம் சார்ள்ஸ் மன்னரின் ஆட்சியில், 1677ஆம் ஆண்டு மோசடித் தடைச் சட்டம் பிறந்தது. இன்னொருவரின் கடனுக்கோ தவறுக்கோ பொறுப்பேற்கும் வாக்கு எழுத்தில் அமைந்து, கையொப்பமும் பெற்றிருந்தாலன்றி, அதன்மேல் வழக்குத் தொடுத்தல் ஆகாது என்று அதன் 4ஆம் பிரிவு விதித்தது.

பொய்யரைத் தடுக்க எழுந்த அவ்விதி மெய்யரையும் தடுத்தது. 1704இல் பேர்க்மிர் என்பவர் டார்னல் என்பவர்மீது வழக்காடினார். பேர்க்மிர் தம் குதிரையை மூன்றாமவர் ஒருவருக்கு இரவலாகக் கொடுத்தால், அது பத்திரமாகத் திரும்பி வரும் என்று டார்னல் வாயால் வாக்களித்திருந்தார். குதிரை திரும்பவில்லை. அதனைத் திருப்பிக் கொடுக்கும் கடமை இரவல் பெற்றவரையே முதற்கண் சார்ந்தது. டார்னலின் வாக்கு அதற்குத் துணையாக நின்ற பிணையே என்று நீதிமன்றம் கண்டது. எழுத்தில் இல்லாமையால் அவ்வாக்கு பயனற்றுப் போயிற்று.

இதற்கு மறுதலையானது 1874இல் பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கு. பிரிக்சம் என்னும் ஊரின் சுகாதார சபைத் தலைவர் லேக்மன், வீட்டுக் கழிவுக் குழாய்களைப் பெருங்கால்வாயோடு இணைக்கும் வேலையைச் செய்யுமாறும், பணம் கிடைக்கத் தாம் பார்த்துக்கொள்வதாகவும் ஒப்பந்தகாரர் மவுண்ட்ஸ்டீபனிடம் கூறினார். வேலை முடிந்தது. தாம் அவ்வேலைக்கு உத்தரவிடவில்லை என்று சபை கைவிரித்தது. லேக்மன் தம் வாக்கு எழுத்தில் இல்லை என்று தப்ப முயன்றார். நீதியரசர்களோ வேறு விதமாக நோக்கினர். சபை கடன்படவேயில்லை, கடனில்லாத இடத்தில் பிணையேது? ஆகவே அவர் சொல் அவருடைய சொந்தப் பொறுப்பாயிற்று. எழுத்தின்றியே அது அவரைக் கட்டியது. உழைத்தவருக்குக் கூலியும் கிடைத்தது.

இவ்விரு தீர்ப்புகளையும் இணைத்து நோக்கின் வேறுபாடு தெளிவாகும். பிணையில் மூவர் உளர்: கடன் கொடுத்தவர், கடன்பட்டவர், பிணையாளி. மூலக்கடன் செல்லாதாயின் பிணையும் பொதுவாக வீழும். இழப்பெதிரீட்டுக்கோ இருவரே போதும்.

இலங்கையிலும் இதன் சுவடு உண்டு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டம், பிறர் கடனுக்கு ஒருவரைப் பொறுப்பாக்கும் வாக்கு எழுத்தில் அமைந்து கையொப்பமிடப்பட வேண்டும் என்று விதித்தது. இங்கிலாந்தில் 1677ஆம் ஆண்டுச் சட்டத்தின் அப்பிரிவு பெரிதும் சுருக்கப்பட்ட 1954ஆம் ஆண்டிலும் பிணைக்குரிய விதி மட்டும் நீக்கப்படாது நின்றது.

நண்பருக்காகச் சொல்லும் ஒரு சொல், சொல்லும் விதத்தால் வெறுஞ்சொல்லாகவும் ஆகலாம். சொன்னவரின் சொந்தக் கடனாகவும் ஆகலாம். கொடுப்பவரும் பெறுபவரும் அதனை முன்னரே தெளிந்து எழுதிக்கொள்வது நட்பையும் காக்கும், பொருளையும் காக்கும்.