அறுபதுகள் யாருடைய பத்தாண்டு?

அமெரிக்காவின் அறுபதுகள் என்றதும் நம்ம ஆட்களிடம் இரண்டு கதைகள் தயாராக இருக்கும். ஒன்று, தலைவர்களின் கதை: 1963இல் கென்னடி, 1965இல் மால்கம் எக்ஸ், 1968இல் மார்ட்டின் லூதர் கிங் என்று கொலைகளாக எண்ணிக்கொண்டு போவது. மற்றது, நீண்ட முடி, கஞ்சா, கிதார், 1969இன் உட்ஸ்டாக். முதல் கதையை அரசு தபால்தலையாக்கியது. இரண்டாவதைச் சந்தை பனியனில் அச்சடித்து விற்றது. இரண்டிலும் காணாமல் போவது உழைக்கிற உடம்பு.

1960 பிப்ரவரி 1இல் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கென்றிருந்த சாப்பாட்டு மேடையில் போய் உட்கார்ந்தார்கள். அது பல ஊர்களுக்கும் பரவியது. ஏப்ரலில் அந்த மாணவர்களை ஒன்றுகூட்டியவர் எல்லா பேக்கர் என்ற 56 வயதுப் பெண். பெரிய தலைவர்களுக்குக் கிளை அமைப்பாகிவிடாமல் மாணவர்கள் தனித்து இயங்கட்டும் என்பது அவர் நிலைப்பாடு.

1964 ஜூலையில் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த மாதமே ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அதன் எல்லை தெரிந்துவிட்டது. வாக்காளராகப் பதியப் போனதற்காக 1962இல் தோட்டத்தைவிட்டுத் துரத்தப்பட்ட மிசிசிப்பி வாரக்குடி ஃபேனி லூ ஹேமர், சிறையில் பட்ட அடியைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேமராக்களைத் தன் பக்கம் திருப்ப ஜனாதிபதி ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். ஹேமரின் குழுவுக்குக் கடைசியில் இரண்டே இடம் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று விட்டார்கள்.

1968 பிப்ரவரி 1இல் மெம்ஃபிஸில் குப்பை லாரிக்குள் மழைக்கு ஒதுங்கிய இரு தொழிலாளர்களை, குப்பையை நசுக்கும் இயந்திரம் நசுக்கிக் கொன்றது. 12ஆம் தேதி சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கிங் அந்த ஊருக்கு வந்தது சும்மா இல்லை, இவர்களுக்காகத்தான். ஏப்ரல் 4இல் அவர் சுடப்பட்டார். 16இல் நகராட்சி தொழிற்சங்கத்தை ஏற்று, கூலியையும் உயர்த்தியது.

அவர்கள் ஏந்திய அட்டையில் இருந்தது ஒரே வாக்கியம்: நான் ஒரு மனிதன். நரைத்தவனையும் 'டேய் பையா' என்று கூப்பிட்ட சமூகத்துக்கு அது பதில். 'மனிதன்' என்பதே அண்மைக்காலக் கட்டமைப்பு, அது அழிந்துபோகலாம் என்று ஃபூக்கோ பாரிஸில் எழுதியது 1966இல். இரண்டு வருஷம் கழித்து மெம்ஃபிஸில் அதே சொல்லுக்காகத் தெருவில் நிற்கிறார்கள். ஃபூக்கோ தவறு என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒரு சொல்லைக் கைவிட, அது முதலில் கைக்கு வந்திருக்க வேண்டாமா? அந்தச் சொல்லிலும் ஆண்தான் இருந்தான். பேக்கரும் ஹேமரும் அதற்கும் வெளியே நின்றவர்கள்.

1966இல் ஓக்லாந்தில் பிறந்த கறுஞ்சிறுத்தைகளின் பெயரை 1972இல் பம்பாயின் தலித் சிறுத்தைகள் எடுத்துக்கொண்டார்கள். அறுபதுகளிலிருந்து எதை எடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பனியன் போட்டவர்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.