இங்கே அரசியல் பேசாதீர்கள்

பழைய சலூன்களில் கண்ணாடிக்கு மேலே ஒரு பலகை தொங்கும்: 'இங்கே அரசியல் பேசாதீர்கள்'. டீக்கடைகளிலும் இருந்தது. உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்துதான் ஊரே அரசியல் பேசியது. பல நாள் கடைக்காரரே பேச்சைத் தொடங்கி வைப்பார்.

எங்கள் பக்கத்தில் சலூனுக்கும் அரசியலுக்கும் உள்ள உறவு நூறாண்டைத் தாண்டியது. 1908 பிப்ரவரி 27-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. அந்த நாட்களில் சுதேசிகளுக்கு எதிராக நின்ற வழக்கறிஞர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவர், பாதியிலேயே வேலையை நிறுத்திவிட்டுப் போனார் என்று சொல்வார்கள்.

நேரில் பேசிய அரசியல் எல்லாம் இனித்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன். பகையும் கைகலப்பும் அதிலும் உண்டு. டீக்கடை பெஞ்சில் எல்லோருக்கும் இடம் இருந்ததும் இல்லை. பெண்கள் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சிலருக்குத் தனி டம்ளர் வைத்த கடைகளும் அன்று இருந்தன.

இருந்தாலும் அந்தப் பெஞ்சில் ஒன்று இருந்தது. பேசியவனும் கேட்டவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டும். மறுநாள் காலையிலும் பார்த்தாக வேண்டும்.

திருச்செந்தூர் பக்கம் காயாமொழியைச் சேர்ந்த சி.பா. ஆதித்தனார் 1942-ல் தினத்தந்தியைத் தொடங்கினார். அதன் எளிய தமிழ் டீக்கடைக்கென்றே அமைந்தது போல இருந்தது. ஒரே பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து நாலு பேர் படிப்பார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்காக ஒருவர் உரக்கப் படிப்பார். படிக்கும்போதே விவாதம் தொடங்கிவிடும்.

1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜர் தோற்ற செய்தி வந்தபோது நான் பள்ளி மாணவன். அப்பாவோடு கடைக்குப் போயிருந்தேன். உதயசூரியன் கட்சிக்காரர்கள் சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கதர்ச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் உள்ளே வந்தார். பேச்சு தானாக அடங்கியது. ஒருவர் எழுந்து, "இரியும் அண்ணாச்சி" என்று இடம் விட்டார். ஒருவரும் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. அழுதிருந்த அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டுச் சிரிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பெரிய இடத்திலும் அப்படித்தான் இருந்தது. பெரியாரும் ராஜாஜியும் அரசியலில் எதிரெதிர்த் துருவங்கள். 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்கு வந்து கண்ணீர் விட்டார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

பள்ளியில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் சாயர்புரத்தில் இருக்கிறார். நாற்பது ஆண்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போட்டவர்கள் நாங்கள். நான் சொல்லும் கட்சி அவருக்கு ஆகாது. அவர் கட்சி எனக்கு ஆகாது. டீ மட்டும் மாறி மாறி வாங்கிக் கொடுப்போம். பிள்ளைகள் ஆளுக்கொரு போன் வாங்கித் தந்த பிறகு, பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தோம். கடைக்குப் போவது குறைந்தது.

2018-ல் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துக் குமரெட்டியாபுரத்தில் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. குழுவிலும் அதே பேச்சு. நான் ஆலை மூடப்பட வேண்டும் என்று எழுதினேன். அவர் பிழைப்புப் போய்விடும் என்று எழுதினார். ஒரு இரவு, எனக்கு வந்த கோபத்தில், "எவ்வளவு வாங்கினீர்?" என்று எழுதிவிட்டேன். பெஞ்சில் என்றால் அந்தக் கேள்வி என் தொண்டையைத் தாண்டியிருக்காது. மறுநிமிடமே பலர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவர் பதில் எழுதவில்லை. குழுவை விட்டு வெளியேறிவிட்டார்.

மே 22, போராட்டத்தின் நூறாவது நாள். துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் போயின. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். அது நல்ல காரியம் என்று நான் சொல்லமாட்டேன். வெளியூரில் இருந்த பிள்ளைகள் தவித்துப் போனார்கள். வதந்தி வாய்வழியாகவும் பரவியது. ஆனால் செய்தி வேண்டுமென்றால் கடைக்குத்தான் போக வேண்டும் என்று ஆயிற்று. பல ஆண்டுக்குப் பிறகு பெஞ்சு நிறைந்தது.

அங்கே அவர் இருந்தார். திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டார். "என்னவே, நின்னுக்கிட்டே இருக்கீரு? இரியும்" என்றார்.

வெகுநேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவராகவே சொன்னார். அவர் தங்கை மகன் கடன் வாங்கி ஒரு லாரி எடுத்திருந்தான். அந்த ஆலைச் சரக்குதான் அதற்கு ஓட்டம். ஆலை நின்றதிலிருந்து தவணை கட்டவில்லை. தங்கைக்கு இவர்தான் ஆதரவு.

"இதை ஏன்வே அங்க எழுதல?" என்று கேட்டேன்.

"அத்தனை பேரு முன்னாடி வீட்டுக் கஷ்டத்தை எப்படிவே எழுத?" என்றவர், சற்றுப் பொறுத்து, "செத்துப்போனதும் நம்ம பிள்ளைகதானே. ராத்திரி தூக்கமே இல்ல" என்றார்.

குழுவில் நான் அவருடைய கருத்தை மட்டுமே படித்திருந்தேன். அதன் பின்னால் ஒரு லாரியும் ஒரு தங்கையும் இருந்தது தெரியவில்லை. என் கருத்து அன்றும் மாறவில்லை, இன்றும் மாறவில்லை. ஆனால் அவரை விலைபோனவர் என்று நினைத்தது பொய் என்று தெரிந்துபோயிற்று.

இணையம் திரும்பியது. எல்லோர் முன்னாலும் பழித்ததால் எல்லோர் முன்னாலும்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று குழுவிலேயே எழுதினேன். அந்தக் கேள்விக்கு உயர்ந்த கட்டைவிரல்களில் இரண்டோ மூன்றோதான் இதற்கு உயர்ந்தன. அவர் குழுவில் இல்லாததால் படித்திருக்க வழியில்லை. யாரோ காட்டியிருக்கிறார்கள் போலும். மறுநாள் கடையில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. டீக்குக் காசு கொடுக்கப் போன என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "இன்னைக்கு என் முறைவே" என்றார்.

இப்போதும் அவர் குழுவில் இல்லை. அரசியல் பேச வேண்டுமென்றால் நான்தான் கடைக்குப் போகிறேன்.