மெதுவாவதும் ஒரு தற்காப்புதான்

கொஞ்சம் நீண்ட பதிவு. டீச்சரின் பாடம்தானே, பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பேத்தியின் பழைய லேப்டாப் மதியமானால் ஆமை போல நகர்ந்தது. பிறகு தானாகவே அணைந்துபோனது. "ஆச்சி, இதைத் தூக்கிப் போட்டுடலாம்" என்றாள். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்து, இப்போது கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் மாணவனிடம் கொண்டுபோனேன். ஃபேனில் அடைத்திருந்த தூசியை எடுத்துவிட்டு, "டீச்சர், இது கெட்டுப் போகலை. சூடு தாங்காம தன்னைத்தானே காப்பாத்திக்கிட்டிருக்கு" என்றான். அந்தச் சொல் மனதில் தங்கிவிட்டது. அதன்பின் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1971இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்ற பிராசஸரில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அதற்கு ஃபேனும் தேவைப்படவில்லை, சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் தகடும் தேவைப்படவில்லை. டிரான்சிஸ்டர் ஒவ்வொரு முறை மாறும்போதும் செலவாகும் மின்சாரம் சூடாகத்தான் வெளியேறுகிறது. எண்ணிக்கையும் வேகமும் கூடக் கூடச் சூடும் கூடியது. 1989இல் வந்த 486 வகையின் காலத்தில் உலோகத் தகடும் ஃபேனும் பிராசஸரின் தலைமேல் ஏறின.

ஃபேன் நின்றுபோனால்? 1995இல் வந்த பென்டியம் ப்ரோவுக்கு உள்ளேயே சூட்டை உணரும் அமைப்பு வைத்தார்கள். சுமார் 135 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எல்லா வேலையும் நின்றுவிடும். நம் வீட்டு ஃப்யூஸ் போலத்தான். சேமிக்காத வேலை போய்விடும், ஆனால் பிராசஸர் பிழைத்துக்கொள்ளும்.

2000இல் வந்த பென்டியம் 4 இன்னும் ஒரு படி மேலே போனது. சூடு எல்லையைத் தொட்டால் அது அணைந்துவிடாது. கொஞ்சம் வேலை, கொஞ்சம் ஓய்வு என்று கண் இமைக்கும் நேரத்துக்குள் பலமுறை மாற்றி மாற்றிச் செய்யும். ஆறியதும் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும்.

2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற இணைய இதழ் ஒரு சோதனை செய்தது. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிராசஸர் மேலிருந்த தகட்டைக் கழற்றினார்கள். பென்டியம் 4 மெதுவானது, ஆனால் ஆட்டம் தொடர்ந்து ஓடியது. பென்டியம் III நின்றுபோனது, ஆனால் சாகவில்லை. ஏஎம்டியின் ஏத்லான் சில நொடிகளில் கருகிப்போனது. அந்த ஏத்லானுக்கு வேகம் இருந்தது, தன் சூட்டைத் தானே உணர்ந்து ஒதுங்கும் வழி இல்லை. 2003இல் வந்த ஏத்லான் 64க்குள் அந்தப் பாதுகாப்பும் வந்துவிட்டது.

அடுத்து, வேகத்தோடு மின்னழுத்தத்தையும் சேர்த்துக் குறைக்கும் முறை வந்தது. மின்னழுத்தம் பாதியானால் சூடு காலாகக் குறையும். அதனால் கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தாலே நிறையச் சூடு தணிகிறது. 2004இல், அறிவித்திருந்த 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐ இன்டெல் கைவிட்டது. 2005 முதல் ஒரே சில்லுக்குள் இரண்டு கோர்கள் வந்தன. ஒருவனே ஓடி ஓடி மாய்வதைவிட, இருவர் நிதானமாகப் பங்கு போட்டுக்கொள்வது நல்லது அல்லவா?

இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு பையனின் முகம் நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வகுப்பு. பதினோரு மணியானால் அவன் கை எழுதுவது மெதுவாகிவிடும். சோம்பேறி என்று திட்டினேன், எழுந்து நிற்க வைத்தேன். ஒருநாள் நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தான். காலையில் வெறும் வயிற்றோடுதான் தினமும் வருகிறான் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவன் உடம்பு மெதுவாகித் தன்னைக் காத்துக்கொண்டிருந்தது. நான்தான் அதை நிற்க வைத்துத் தண்டித்தேன்.

தம்பி, நீ இதைப் படிக்கிறாய் என்று நம்புகிறேன். டீச்சரை மன்னித்துவிடு.

மற்றவர்களுக்கு இரண்டு வீட்டுப்பாடம். லேப்டாப்பை மெத்தைமேல் வைக்காதீர்கள், ஃபேன் தூசியை அவ்வப்போது எடுத்துவிடுங்கள். பிள்ளை மெதுவாகிவிட்டால் திட்டுவதற்கு முன்னால், "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்