பெரிய வால்வு மட்டும் போதுமா?

செவ்ரோலே 1955-இல் கொண்டுவந்த சிறிய வி8 இன்ஜினுக்கு, 1960-களின் கொர்வெட் சிலிண்டர் ஹெட்தான் உச்சம் என்று அமெரிக்கப் பந்தயப் பட்டறைகள் வெகுகாலம் நம்பின. முனையில் ஒட்டகத் திமில்போல இரண்டு மேடுகள் வார்த்திருக்கும்; எரியறை சுமார் 64 சி.சி.; எல்லாரும் தேடியது 2.02 அங்குல இன்டேக் வால்வு வைத்த வகையை. 1971-இல் ஈயமில்லாப் பெட்ரோலை எதிர்பார்த்து ஜெனரல் மோட்டார்ஸ் கம்ப்ரஷனைக் குறைத்தது. பல ஹெட்களில் எரியறை 76 சி.சி. அளவுக்கு விரிந்தது, பழையவற்றின் மவுசு கூடியது. அந்த ஒப்பீட்டில் பழையது வென்றது நியாயம்தான். ஆனால் அதையே என்றைக்குமான தீர்ப்பாக்கியது தவறு.

1996-இல் இதே வகை இன்ஜினோடு பிக்கப் டிரக்குகளுக்கு வந்த வோர்டெக் ஹெட்டில் இன்டேக் வால்வு 1.94 அங்குலம்தான். இருந்தும், கை வைக்காத நிலையில் திமில் ஹெட்டைவிட அதிகக் காற்றை உள்ளே விடுகிறது. போர்ட் வளைந்து இறங்கும் விதத்தைத் திருத்தியதன் பலன் இது; கலவை வேகமாக எரிவதால் இக்னிஷன் அட்வான்ஸும் குறைவாகவே போதும். இதற்குத் தனி மேனிஃபோல்டு வேண்டும், லிஃப்ட் கூடிய கேம் போட்டால் ரிடெய்னர் வால்வு கைடில் இடிக்கும் என்பார்கள். இரண்டும் உண்மை. ஆனால் பழைய ஹெட்டுக்கும் இன்றைய பெட்ரோலில் கடுமையாக ஓட வேண்டுமானால் கடினமான எக்ஸாஸ்ட் சீட் பொருத்த வேண்டும். அந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பவர்கள் குறைவு.