குழறினவன் வச்ச பேரு

தெளிவில்லாத பேச்சுக்கு ஆங்கிலத்துல எத்தனை சொல் பாருங்க. வாய்க்குள்ளயே பேசினா மம்பிள், முனகினா மட்டர், திக்கினா ஸ்டாமர். எனக்குப் பிடிச்சது பார்பேரியன். கிரேக்கர் காதுக்கு அயலார் பேச்சு 'பர்பர்'னு கேட்டதாம், அதையே அவங்களுக்குப் பேரா வச்சுட்டாங்க! புரியாதது கேட்டவனுக்கு, பழி பேசினவனுக்கு.

செங்கல்பட்டுப் பக்கம் கதையே தலைகீழ். இங்கே குழறினவன் வெள்ளைக்காரன். அவன் வாயில செங்கல்பட்டு சிங்கிள்புட் ஆச்சு, கோவளம் கோவ்லாங் ஆச்சு, சதுரங்கப்பட்டினம் தேஞ்சு சட்ராஸ்னு நின்னுச்சு. அதுக்கு மம்பிள்னு யாரும் பேர் வைக்கலை. வரைபடத்துல ஏத்திட்டாங்க. அவன் குழறினா ஊர்ப்பேரு, நாம குழறினா தப்பு இங்கிலீஷு :-)

சிங்கிள்புட் ஒழிஞ்சுது. 2019 நவம்பர்ல தனி மாவட்டம் ஆனப்போ செங்கல்பட்டுன்னே பேரு. 2020 ஜூன்ல 1018 ஊர்ப்பேர்களோட ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு மாத்தி தமிழக அரசு ஆணை போட்டுது, சில நாள்லயே திரும்பவும் வாங்கிக்கிச்சு. கல்பாக்கம் பக்கத்து டச்சுக் கோட்டைக்கு இன்னைக்கும் சட்ராஸ் கோட்டைன்னுதான் பேரு.

ஆணை வரட்டும், போகட்டும். ஆங்கிலத்துல பேசுறப்பவும் நான் சதுரங்கப்பட்டினம்னு முழுசாவே சொல்றேன். கேக்கிறவர் கொஞ்சம் திக்கட்டுமே, பழகிடும். உங்க ஊர் எப்படித் தேஞ்சுது மக்களே?